அலுமினிய ஷாஃப்டில் இருந்த கோடு

என் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன, சரியாக உள்ளன. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லித் தேடினால் ஒருவருக்கும் தெரியாது, ஷாஃப்ட்காரர் என்று கேட்டால் கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். வாகனங்களின் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி, வெல்டு வைத்து, பேலன்ஸ் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஷாஃப்ட் என்பது கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் நீளக் குழாய் என்று விளக்கினேன். இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் அதிகாரி தனக்குத் தெரியும் என்றார். இதைப் படிக்கப்போகிற எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்பதால் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கடையில் நானும் என் மனைவியும் மட்டும்தான். வெட்டுவதும் வெல்டு வைப்பதும் நான், பேலன்ஸ் மெஷின் அவள் பொறுப்பு. வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள், அதில் தப்பில்லை. என் மீது எந்த வழக்கும் இல்லை. என்னை யாரும் அழைக்கவும் இல்லை, நானாகத்தான் வந்தேன். சலவை வேன் ஓட்டியவர் மீது, கவனக்குறைவாக ஓட்டித் தன் மனைவியின் மரணத்துக்குக் காரணமானதாக உள்ள வழக்கு தொடர்பாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் எனக்கு உறவும் இல்லை, நண்பரும் இல்லை.

என் அக்கா வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், அவரை நான் அத்தான் என்று அழைப்பேன். அவரிடம் அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய பழைய கார் ஒன்று இருக்கிறது. அக்கா அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள், அத்தானும் அதை மறுத்ததில்லை. அந்தக் காரின் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வந்தது. நடுவில் அதைத் தாங்கும் பேரிங்கின் ரப்பர் நைந்துபோய், கொஞ்சம் வேகமெடுத்தால் கார் முழுக்க உதறியது. மாற்றுப் பேரிங் எங்கும் கிடைக்கவில்லை. அதன் பிறகு அத்தான் எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஒரே துண்டாக, எடை குறைவாக, அலுமினியத்தில் ஷாஃப்ட் வேண்டும் என்றார். அவர் ஒன்றைக் கேட்டால் அது கிடைக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது, நமக்கும் இறங்க விடமாட்டார். புதிதாக வாங்க வழியில்லாததால், உடைக்க வந்த வண்டி எதிலாவது கிடைக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன்.

அதன் பிறகு, பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுக்குச் சென்றேன். அங்கே முன்பக்கம் நசுங்கிய வேன் ஒன்று நின்றது. காவல் துறையின் பரிசோதனை முடிந்து, முறைப்படி விடுவிக்கப்பட்டு வந்த வண்டி அது. அதன் அடியில் அலுமினிய ஷாஃப்ட் இருந்தது. வேனின் பின்புறத்தில் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் மழையில் நனைந்து, பிறகு காய்ந்து, விறைத்துக் கிடந்தன. சிலவற்றின் மடிப்பு அப்போதும் கலையவில்லை. யார்டுக்காரர், "ஆள் போன வண்டிங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். யார் வண்டி, போனது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் கழற்றக் கை வராது என்பதால் யார்டுக்குப் போனால் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

நானே வேனுக்கு அடியில் படுத்துக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் குழாயைத் தாங்கும் கிளாம்பு ஒன்று பின்னுக்குத் தள்ளப்பட்டு, மடங்கி, அதன் முனை ஷாஃப்டின் நடுப்பகுதியில் அழுந்தி நின்றது. அந்த முனையிலிருந்து முன்பக்கமாக, ஷாஃப்டின் மேல், ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. கிளாம்பை முதலில் நெம்பி விலக்கிவிட்டு, அதன் பிறகுதான் ஷாஃப்டைக் கீழே இறக்கினேன். இறக்கும்போதோ இழுக்கும்போதோ விழுந்த கீறலாக இருக்கலாமே என்று அதிகாரி கேட்டதால் இதைச் சொல்கிறேன். கழற்றும் முன்பே அது இருந்தது. அலுமினியம் மிருதுவானது, அதை நான் முரட்டுத்தனமாக இழுப்பவன் இல்லை.

அதன் பிறகு, கடையில் வைத்து அதை லேத்தில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தோம். துளியும் வளைவில்லை. அத்தானின் காருக்குத் தேவையானதைவிட அது ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம் நீளம். அதனால் முன் முனையில் வெட்டிக் குறைத்து, முனையை மறுபடி வெல்டு வைக்க வேண்டியிருந்தது. ஷாஃப்டின் முனையை அடுத்த பாகத்தோடு இணைக்கும், கூட்டல்குறி போல நான்கு கை உள்ள துண்டைக் கிராஸ் என்போம். வேனின் கிராஸ் பெரிது, காரின் கிராஸ் சிறிது என்பதால், இரண்டு கை வேனின் அளவிலும் இரண்டு கை காரின் அளவிலும் உள்ள கிராஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கவட்டை போன்ற பாகம் உண்டு. அவை இரண்டும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும், கொஞ்சம் திரும்பிவிட்டால் மற்ற எல்லா வேலையும் வீண். அதனால் வெட்டுவதற்கு முன் குழாயின் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேர்கோடு ஒன்றைப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வெட்டிய பிறகு அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முனையைப் பொருத்துவோம்.

நான் கோடு போட சிவப்பு மார்க்கரை எடுத்தபோது, பக்கத்தில் நின்ற அத்தான் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் என்பதால் எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். பார்த்துவிட்டு, "என்ன மச்சான், கோடு ஏற்கெனவே போட்டுல்ல வெச்சிருக்கு? உனக்கு முன்னாடியே எவனோ வேலைய ஆரம்பிச்சுட்டான் போல" என்றார். நான், "நல்லதாப் போச்சு, எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றேன். என் மனைவி இரும்பு ஸ்கேலைக் கீறலின் மேல் வைத்துப் பார்த்து, "நூல் பிடிச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா இதை நம்பி வெட்டிராதீங்க" என்றாள். மூவரும் சிரித்தோம். அந்தக் கீறலைப் பார்த்துச் சிரித்தோம் என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். அதன் பிறகு நான் கீறலுக்குப் பக்கத்திலேயே என் கோட்டைப் போட்டேன். என் கோட்டுக்கும் அதற்கும் முனைக்கு முனை ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை.

அதன் பிறகு வெட்டி, வெல்டு வைத்து, என் மனைவி பேலன்ஸ் பார்த்து முடித்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அத்தானுக்கு அது பளபளவென்று இருக்க வேண்டும். "காருக்கு அடியில யார் போய்ப் படுத்துப் பாக்கப்போறாங்க?" என்று என் மனைவி கேட்டதற்கு அவர், "நான் படுப்பேன்" என்றார், படுக்கக்கூடியவர்தான். எனக்கும் அலுமினியத்தைத் தேய்த்து மினுக்குவதில் ஒரு சபலம் உண்டு. லேத்தில் சுற்றவிட்டு, எமரித் தாளைப் பிடித்து, கீறல் முழுவதும் போகும்வரை தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றினேன். ஆகவே, இப்போது ஷாஃப்டில் அந்தக் கோடு இல்லை. வெட்டிய துண்டு முனைப்பகுதி, அதில் கீறல் எப்போதும் இருந்ததில்லை. எங்கள் பழக்கப்படி அந்தத் துண்டை அத்தானிடமே கொடுத்திருந்தேன், அதை வாங்கிவந்து இங்கே ஒப்படைத்திருக்கிறேன். ஷாஃப்ட் பொருத்திய பிறகு கார் உதறவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து, ஒரு முற்பகலில், நெற்றியில் தையல் தழும்போடு ஒருவர் கடைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, யார்டில் நின்ற வேனுக்கு அடியில் படுத்துக் கழற்றியது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது தன் வண்டி என்றார். ஓட்டல்களுக்குப் படுக்கைவிரிப்புகளைச் சலவை செய்து கொடுப்பது அவர்கள் தொழில் என்றும், அவர் ஓட்ட, அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து போவது வழக்கம் என்றும், மழை பெய்துகொண்டிருந்தபோது சாலையோரம் நின்ற லாரியின் பின்மூலையில் மனைவி இருந்த பக்கம் மோதியது என்றும் சொன்னார். பெட்ரோல் போட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான் ஞாபகம் என்றார். சாலை நனைந்திருந்ததால் டயர் தேய்ந்த தடம் எதுவும் கிடைக்கவில்லை, பிரேக் நல்ல நிலையில் இருந்தது, ஆகவே அவர் தூங்கிவிட்டார் என்று எல்லோரும் முடிவுக்கு வந்திருந்தார்கள். அவரும்தான்.

அவர் என்னிடம், "நீங்க அடியில எல்லாம் பாத்திருப்பீங்க. நான் பிரேக் போட்டேனா இல்லையான்னு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். வக்கீல் அனுப்பினாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இல்லைங்க, எனக்குத்தான் தெரியணும்" என்றார். நான் பிரேக் பக்கமே போகவில்லை என்றும், ஷாஃப்டை மட்டும்தான் கழற்றினேன் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த நேரத்தில் எதையும் மறைக்கவில்லை. எனக்கு அப்போது தோன்றவே இல்லை, அதுதான் உண்மை.

தோன்றியது என் மனைவிக்கு. அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "அந்தக் கோடு நேரால்ல இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் எந்தக் கோடு என்றேன். அவள் இரும்பு ஸ்கேலை எடுத்து என் முன்னால் நீட்டினாள், அதன் பிறகு எனக்கும் புரிந்தது. சக்கரம் ஓடினால் ஷாஃப்டும் சுற்றும். சுற்றுகிற குழாயில் ஒரு முனை அழுந்தினால் கீறல் வளையமாகவோ சுருளாகவோதான் விழும். நீளவாக்கில் நேராக விழுந்திருக்கிறது என்றால், கிளாம்பு அதில் அழுந்தி உரசிய நேரத்தில் ஷாஃப்ட் சுற்றாமல் நின்றிருக்கிறது. ஓடுகிற வண்டியில் அது நிற்க வேண்டுமானால், பிரேக்கை அடியோடு மிதித்து, பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அது பழைய வேன், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் வசதி அதில் கிடையாது.

மோதிய அதிர்ச்சியிலேயே சக்கரங்கள் நின்றிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். பின் அச்சிலும் பின் சக்கரங்களிலும் எந்த அடியும் இல்லை, கழற்றும்போது அவை தடையில்லாமல் சுற்றின என்பதை நான் பார்த்தேன். அதற்கு மேல் முடிவு சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அது என் வேலை இல்லை. நான் சொல்லக்கூடியது, கோடு நேராக இருந்தது, மூன்று பேர் பார்த்தோம், ஒருத்தி ஸ்கேல் வைத்தே பார்த்தாள் என்பது மட்டும்தான்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. நான் பார்த்தது நிஜமாகவே நேர்கோடுதானா, அல்லது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு நேராகிவிட்டதா என்று என்னையே சந்தேகப்பட்டேன். அதன் பிறகு அத்தானுக்கு போன் செய்து, அந்தக் கீறலைப் பார்த்து என்ன சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன், ஏன் என்று சொல்லவில்லை. அவர் உடனே, "உனக்கு முன்னாடியே கோடு போட்டு வெச்சிருக்குன்னு சொன்னேன். ஏன், வெல்டு கோணலாப் போச்சா?" என்றார். காரணத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. "கோர்ட்டு கேசுன்னு போனா ஷாஃப்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க மச்சான். உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார். நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டு, "உங்க அத்தான் வாய் கிடக்கு, விடு. கார ஸ்டாண்டுல ஏத்திக் கழட்ட ஆரம்பிச்சுட்டார்" என்றாள். கழற்றிய ஷாஃப்டை அவரே இங்கே கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார், அவரும் வாக்குமூலம் கொடுப்பார்.

அதன் பிறகு யார்டுக்காரரிடம் விசாரித்து, வேன்காரரின் வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். எங்களுக்கு ஒரே பரபரப்பு. நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்ற நினைப்பு, வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று பேசிக்கொண்டே போனோம். கீழே சலவைக்கூடம், மேலே வீடு. சலவை மெஷின்கள் எதுவும் ஓடவில்லை. துணி மடிக்கும் நீள மேசையின் ஒரு முனையில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த மேசையில் ஒருவர் நின்று மடிக்க முடியாது, விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்தால்தான் மடிக்க முடியும் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேசைமேல் கிடந்த ஒரு துண்டுக் குழாயில் சோப்புக் கட்டியால் கோடு போட்டு, சுற்றினால் எப்படி விழும், நின்றால் எப்படி விழும் என்று காட்டினேன். "நீங்க தூங்கலைங்க. பிரேக்க முழுசா மிதிச்சிருக்கீங்க" என்றேன். அவர் அந்தக் குழாயைக் கையில் வாங்கி, கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுவார் என்று நினைத்தேன், கையைப் பிடித்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. குழாயை மேசைமேல் வைத்துவிட்டு, "அவ்வளவு அழுத்திப் போட்டிருந்தா, தூங்கிட்டு இருந்தவளும் முழிச்சிருப்பாளே" என்றார்.

அவரே விளக்கினார். இரண்டு பேரும் அசதியில் தூங்கிவிட்டார்கள், அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் அவருடைய மாமியாரிடம் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாராம், தூங்குகிறாராம். அந்த வார்த்தையை வைத்துத்தான் அவருடைய மைத்துனர், இறந்துபோன மனைவியின் கூடப் பிறந்தவர், அவர் மீது புகாரும் கொடுத்திருக்கிறார். "அவன் கொடுத்த புகார் இருக்கட்டும். நான் தூங்கிட்டேன்னே இருக்கட்டுங்க. இதை நீங்க வெளியில சொல்ல வேண்டாம்" என்றார். உங்களுக்குத் தண்டனை கிடைக்குமே என்று என் மனைவி கேட்டாள். "எனக்குத்தானே" என்றார். அதன் பிறகு எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, படி இருட்டாக இருக்கும், பார்த்து இறங்குங்கள் என்று சொல்லி, வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நானும் மனைவியும் இதைப் பற்றிச் சண்டைகூடப் போட்டோம். அவர் வாழ்க்கை, அவர் முடிவு, நாம் யார் என்றாள் அவள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மனிதன் தன் மனைவியைக் காப்பாற்றக் கடைசியாகச் செய்த காரியத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே தடயம் அந்தக் கோடு. அதை நான்தான், மினுமினுப்புக்கு ஆசைப்பட்டு, எமரித் தாளால் அழித்தேன். வாயையும் மூடிக்கொண்டால் இரண்டாவது தடவையும் நானே அழித்ததாகிவிடும். அந்த அம்மாளின் நிம்மதியைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை என்றும் யோசித்தேன். தூங்காதவனைத் தூங்கினான் என்று எழுதி உள்ளே தள்ளுவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் என் மனைவி, "போறதுன்னா போங்க, ஸ்கேல் வெச்சது நான்தான்னும் சொல்லுங்க" என்றாள். அவளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் படிக்கும்போது அவருடைய மாமியார் அங்கே இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார். நான் கேட்டேன் என்பதையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றேன், எழுதிக்கொண்டார்.

என்னை யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. சொல்ல வேண்டாம் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டதும், நான் சொல்லிவிட்டதும் உண்மை.

(கையொப்பம்)
ஷாஃப்ட்காரர்